வாழைப்பழத் தொப்பியும் சிவப்பு நகப்பூச்சும்: லத்தீனா பெண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2009-ல் சோனியா சோட்டோமயோர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டபோது அவருக்குக் கிடைத்த அறிவுரைகளில் ஒன்று நகப்பூச்சைப் பற்றியது. செனட் விசாரணை முடியும்வரை கண்ணைப் பறிக்கும் நிறம் வேண்டாம், வெளிறிய நிறமே நல்லது என்றார்கள். நியமனம் உறுதியான பிறகு வெள்ளை மாளிகையில் ஒரு வரவேற்பு நடந்தது. அங்கே அவர் ஒபாமாவிடம் கையை நீட்டிக் காட்டினார். நகங்கள் செக்கச்செவேல் என்றிருந்தன. பத்தாண்டு கழித்து, 2019 ஜனவரியில், அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் பிரதிநிதிகள் சபையில் பதவியேற்க வந்தார். சிவப்பு உதட்டுச்சாயம், பெரிய வளையக் காதணி. சோட்டோமயோரை நினைத்துத்தான் அப்படி வந்தேன் என்று அவரே எழுதினார்.

நீதிபதியின் நகத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். லத்தீனா என்றால் கோபக்காரி, ஆட்டக்காரி, அடக்கம் தெரியாதவள் என்ற அச்சை வார்த்ததே பாட்டும் படமும்தான். நீதிமன்றப் படியேறினாலும் அந்த அச்சு பின்னாலேயே வருகிறது. அதனால்தான் கீழே நடிகையும் நீதிபதியும் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

லத்தீனா என்றால் யார்?

லத்தீன் அமெரிக்காவில் பிறந்த பெண், அல்லது அங்கிருந்து வந்த குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்த பெண். ஆணுக்கு லத்தீனோ. இந்தச் சொல்லை வைத்துத் தோலின் நிறத்தைச் சொல்லிவிட முடியாது. கறுப்பினத்தவரான கியூபப் பாடகி செலியா குரூஸ், மெக்சிக்கோவின் மிக்ஸ்தெக் பழங்குடி வேர்கொண்ட நடிகை யலிட்சா அபாரிசியோ, அப்பா வழியில் லெபனான் பூர்வீகம் உள்ள கொலம்பியப் பாடகி ஷகீரா, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்த மெக்சிக்கோ ஜனாதிபதி கிளாடியா ஷைன்பாம் எல்லோரும் இந்த ஒரு சொல்லுக்குள் வருகிறார்கள்.

அப்படியானால் ஹிஸ்பானிக்?

அது ஸ்பானிஷ் மொழியை ஒட்டிய சொல். போர்ச்சுக்கீசியம் பேசும் பிரேசில்காரி லத்தீனா, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. ஸ்பெயின் நாட்டு நடிகை பெனலோப்பே குரூஸ் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனா இல்லை. அமெரிக்கக் கணக்கெடுப்பில் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். 2020-ல் அந்தக் கட்டத்தில் 6.21 கோடிப் பேர் இருந்தார்கள், மக்கள்தொகையில் 18.7 சதவீதம். ஆண்பால் பெண்பால் இரண்டையும் தவிர்க்க ‘லத்தீன்எக்ஸ்’ என்று ஒரு சொல் வந்தது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களை அப்படி அழைத்துக்கொள்வதாகச் சொன்னவர்கள் 3 சதவீதம்தான்.

பெயர்களில் ஏன் இரண்டு குடும்பப் பெயர்?

ஸ்பானிஷ் வழக்கில் அப்பாவின் குடும்பப் பெயர் முதலில், அம்மாவுடையது அடுத்து. ஒகாசியோ அப்பா, கோர்ட்டெஸ் அம்மா. அப்பா பெயரின் முதலெழுத்தோடு ஊர் சுற்றும் நமக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைகூட வரும்.

ஹாலிவுட் அந்த அச்சை எப்போது வார்த்தது?

மௌனப் படக் காலத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. மெக்சிக்கோவின் துராங்கோவில் பிறந்த டொலோரஸ் தெல் ரியோ 1920-களில் ஹாலிவுட்டில் பெரிய நட்சத்திரம். திரையில் உச்சரிப்பு கேட்காது, அழகு மட்டும் தெரியும். பேசும் படம் வந்ததும் வாசல் குறுகியது. 1940-களில் அவர் ஊருக்கே திரும்பிப்போய் மெக்சிக்கோ சினிமாவின் பொற்கால நாயகி ஆனார். அங்கே அவர் நடித்த ‘மரியா கண்டெலாரியா’ 1946 கான் திரைப்பட விழாவில் பெரும் பரிசு பெற்ற படங்களில் ஒன்று. ஹாலிவுட்டிலேயே தங்கிய லூப்பே வேலெஸுக்குக் கிடைத்தது ‘மெக்சிக்கன் ஸ்பிட்ஃபயர்’ என்ற படவரிசை. தொட்டால் பொரிந்து தள்ளுகிற பெண் என்று பொருள் கொள்ளுங்கள். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தலையில் பழக்கூடை வைத்து ஆடியவர் யார்?

கார்மன் மிராண்டா. இவரைக் கேலிச்சித்திரமாகவே உலகம் நினைவு வைத்திருப்பது எனக்கு வருத்தம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1909-ல் போர்ச்சுகலில் பிறந்தவர். கைக்குழந்தையாக ரியோ டி ஜெனிரோவுக்கு வந்தார். இளம் வயதில் தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர்; பின்னாளில் அந்தத் தலைப்பாகைகளைத் தானே வடிவமைக்கும் கைத்திறன் அங்கே வந்தது. 1930-களில் பிரேசில் வானொலியின் மிகப் பெரிய சாம்பா பாடகி அவர்தான். பழங்களும் மணிகளும் வைத்த அந்த உடைக்கு மூலம், பாஹியா மாநிலத்தில் தெருவில் பலகாரம் விற்ற கறுப்பினப் பெண்களின் உடை. உழைக்கும் பெண்களின் உடையை வெள்ளைத் தோல்காரி ஒருத்தி மேடைக்குக் கொண்டுபோய்ப் புகழ்பெற்றாள் என்ற கசப்பும் இந்தக் கதையில் உண்டு.

1939-ல் நியூயார்க் மேடைக்குப் போனார். ஐரோப்பாவில் போர் மூண்டு சந்தை அடைபட, ஹாலிவுட் தென் அமெரிக்க ரசிகர்களைத் தேடிய நேரம். ரூஸ்வெல்ட் அரசும் ‘நல்ல அண்டை வீட்டார்’ என்ற கொள்கையை ஓட்டிக்கொண்டிருந்தது. கார்மனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 1945-ல் அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய பெண் என்று பேசப்பட்டார். ஆனால் 1940-ல் ரியோவில் மேடையேறியபோது மேட்டுக்குடிக் கூட்டம் கைதட்டவில்லை: அமெரிக்கக்காரி ஆகிவிட்டாள் என்று கோபம். அமெரிக்காவிலோ, ‘மிகவும் பிரேசில்காரி’யாக இருக்கச் சொன்னார்கள், அதுவும் ஓட்டை ஆங்கிலத்தோடு. இரண்டு ஊருக்கும் அவர் சரியான அளவில் இல்லை. 1955-ல் 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். உடல் ரியோவுக்கு வந்தபோது, முன்பு முகம் திருப்பிய அதே நகரம் தெருவில் திரண்டது.

ரீட்டா ஹேவொர்த்தும் லத்தீனாவா?

கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. மார்கரீட்டா கார்மன் கான்சினோ என்பது இயற்பெயர். அப்பா ஸ்பெயின்காரர், நடனக் கலைஞர். ஆனாலும் இந்த வரிசையில் அவருக்கு இடம் உண்டு. கறுப்பு முடிக்குச் செம்பட்டைச் சாயம் ஏற்றி, மின்சாரச் சிகிச்சையில் நெற்றி முடியை நீக்கி மேலேற்றி, அம்மா வழிப் பெயரை ஒட்டி ‘ஹேவொர்த்’ ஆக்கிய பிறகே அவருக்குக் கதாநாயகி வேடம் வந்தது.

ரீட்டா மொரேனோவை ஏன் எல்லோரும் தாய்வீடு மாதிரிக் கொண்டாடுகிறார்கள்?

1931-ல், அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் உமாக்காவோவில் பிறந்த ரோசா டொலோரஸ் அல்வெரியோ அவர். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்தில் அனிதாவாக நடித்து 1962-ல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். அடுத்தடுத்து இசைக்கான கிராமி, மேடைக்கான டோனி, தொலைக்காட்சிக்கான எம்மி. நான்கையும் போட்டியில் வென்றவர்கள் மிகச் சிலர்.

அந்தப் படத்தின் உள்கதை விசித்திரமானது. நியூயார்க்கில் குடியேறிய புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் கதை. நாயகி மரியாவாக நடித்தவர் ரஷ்ய வழி வந்த நட்டாலி வுட். பாட்டுக்குக் குரல் இன்னொருவருடையது (பின்னணிக் குரல் நமக்குப் புதிதல்ல, விடுங்கள்). புவேர்ட்டோ ரிக்கோ பாத்திரங்கள் எல்லோருக்கும் ஒரே கருமண் நிற ஒப்பனை. என் மக்கள் எல்லா நிறத்திலும் இருக்கிறார்களே, ஏன் ஒரே நிறம் பூசுகிறீர்கள் என்று மொரேனோ கேட்டபோது, உனக்கு இனவெறியா என்று ஒப்பனைக்காரர் திருப்பிக் கேட்டாராம். உண்மையான புவேர்ட்டோ ரிக்கோக்காரிக்குப் புவேர்ட்டோ ரிக்கோ நிறம் பூசிய படம்!

விருது கையில் வந்த பிறகும் அதே சேரிப் பெண் வேடங்களே தேடிவந்தன. அவர் வேண்டாம் என்றார். சில ஆண்டுகள் படமில்லாமல் இருந்தார். 1963 ஆகஸ்டில் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்குப் போன கலைஞர்களில் அவரும் ஒருவர். 1962-ல் விருது வாங்கப் போட்டுச் சென்ற அதே கவுனை 2018 ஆஸ்கர் விழாவுக்கும் போட்டு வந்தார். 2021-ல் ஸ்பீல்பெர்க் அந்தப் படத்தை மறுபடி எடுத்தபோது அதில் நடித்ததோடு நிர்வாகத் தயாரிப்பாளராகவும் இருந்தார். அதில் அனிதாவாக நடித்த அரியானா டிபோஸ் 2022-ல் அதே ஆஸ்கரை வாங்கினார். ஒரே பாத்திரம், இடையில் அறுபது ஆண்டு.

சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கிய லத்தீனா உண்டா?

2025 விழாவரை இல்லை. பரிந்துரை மட்டும் வந்திருக்கிறது. 1999-ல் பிரேசிலின் ஃபெர்னாண்டா மொன்டெனெக்ரோ, 2025-ல் அவருடைய மகள் ஃபெர்னாண்டா டோரஸ். இரண்டு படமும் வால்டர் சாலஸ் இயக்கியவை, இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். இடையில் ‘ஃப்ரீடா’வுக்காக சல்மா ஹயெக், ‘ரோமா’வுக்காக யலிட்சா அபாரிசியோ. அபாரிசியோ வாஹாக்கா மாநிலத்தைச் சேர்ந்தவர், மழலையர் பள்ளி ஆசிரியைக்குப் படித்தவர். நடிப்புத் தேர்வுக்குப் போக வேண்டியது அவருடைய அக்கா. அவர் கருவுற்றிருந்ததால் தங்கை போனார். பரிந்துரை வந்ததும் ஒரு டெலிநாவெல்லா (லத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்) நடிகர் அவரை இனம் சொல்லி இழிவாகப் பேசிய காணொளி வெளியாகி, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. லத்தீனாக்களை ஹாலிவுட் மட்டும்தான் ஒதுக்குகிறது என்று நினைத்துவிடக் கூடாது. மெக்சிக்கோவின் சொந்தத் தொலைக்காட்சியில் நாயகி வெள்ளை, வேலைக்காரி மாநிறம் என்பது எழுதாத சட்டமாகவே இருந்தது.

செலீனா இறந்து இத்தனை ஆண்டாகியும் ஏன் இவ்வளவு பேச்சு?

செலீனா கின்டனியா டெக்சாஸில் 1971-ல் பிறந்தவர். அப்பா ஆபிரகாமும் ஒரு காலத்தில் பாடகர்தான். அவர் நடத்திய உணவகம் 1980-களின் எண்ணெய் விலைச் சரிவில் படுத்துவிட, குடும்பம் முழுதும் இசைக்குழுவாகி வண்டியேறியது. அண்ணன் பேஸ் கிடார், அக்கா டிரம்ஸ், குட்டிப் பெண் பாட்டு. கல்யாணம், திருவிழா, தெருமுனை, எங்கே கூப்பிட்டாலும் போனார்கள். டெஹானோ என்பது டெக்சாஸ் மெக்சிக்கர்களின் இசை, அக்கார்டியன் ஓங்கி ஒலிக்கும். அன்றைக்கு ஆண்களின் கோட்டை.

அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது என்பதுதான் வேடிக்கை. வீட்டில் ஆங்கிலம். அப்பா சொல்லிக்கொடுத்த வரிகளை ஓசையாக மனப்பாடம் செய்து பாடினார். பேச்சு பிறகுதான் வந்தது. ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் 14 என்று சொல்ல ‘கத்தோர்ஸே’ வராமல், ‘பத்தும் நாலும்’ என்று ஸ்பானிஷில் ஒட்டுப்போட்டுச் சமாளித்தார். (நமக்கு இது தவறாகவே தெரியாது. நம் பதினான்கே அப்படிப் பிறந்ததுதானே.) ரசிகர்கள் சிரித்தார்கள், கூடவே இன்னும் நெருங்கிப்போனார்கள். வீட்டு மொழி நாக்கில் தடுக்குவது அமெரிக்காவில் பிறந்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் தினசரிக் கூச்சம். அவர் கூச்சப்படவில்லை.

1994-ல் கிராமி. 1995 பிப்ரவரி 26 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் நிரம்பி வழிந்த கூட்டத்துக்கு முன் பாடினார். மார்ச் 31 அன்று ரசிகர் மன்றத்தை நடத்திய யொலண்டா சல்டிவார் அவரைச் சுட்டுக் கொன்றார். மன்றக் கணக்கில் பணம் காணாமல் போன தகராறு. செலீனாவுக்கு 24 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஜூலையில் வெளியான அவருடைய கடைசி ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களின் விற்பனை வரிசையான பில்போர்டு 200 பட்டியலில் நேரே முதலிடத்தில் நுழைந்தது. அதுவரை அவர் பெயரையே கேட்டிராத நியூயார்க் பத்திரிகைகள், ஸ்பானிஷ் பேசும் வீடுகளில் இத்தனை வாசகர்களா என்று விழித்துக்கொண்டன. ‘பீப்பிள் என் எஸ்பன்யோல்’ இதழ் பிறந்ததே அவருக்கான சிறப்பிதழ் விற்ற வேகத்தைப் பார்த்துத்தான்.

செலீனாவின் வாழ்க்கைப் படத்தில் ஜெனிஃபர் லோபஸ் நடித்தது ஏன் சர்ச்சையானது?

செலீனா மெக்சிக்க வழி, லோபஸ் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த புவேர்ட்டோ ரிக்கோ வழி. வெளியாளுக்கு இரண்டும் ஒன்று; உள்ளே இருப்பவருக்குச் சாப்பாடு, பேச்சு, பாட்டு எல்லாமே வேறு. 1997-ல் படம் வந்ததும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. லோபஸுக்கு அதற்காகப் பத்து லட்சம் டாலர் சம்பளம்.

2020 சூப்பர் பவுல் ஆட்டத்தில் என்ன நடந்தது?

சூப்பர் பவுல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி. மயாமியில் நடந்த அதில் லோபஸும் ஷகீராவும் இடைவேளை நிகழ்ச்சி நடத்தினார்கள். இடுப்பாட்டம் அதிகம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் ஒளிபரப்பு ஆணையத்துக்குப் போயின. கூண்டு போன்ற ஒளிவட்டங்களுக்குள் குழந்தைகள் நின்றதும், லோபஸின் மேலாடை ஒருபுறம் அமெரிக்கக் கொடியாகவும் மறுபுறம் புவேர்ட்டோ ரிக்கோ கொடியாகவும் விரிந்ததும் அந்தப் புகார்களில் அடிபட்டுப்போயின. ஷகீரா கேமராவைப் பார்த்து நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்பியதை இணையம் கிண்டல் செய்தது. அது அரபுக் கல்யாண வீடுகளில் கேட்கும் குலவை. நம் ஊர்ப் பாட்டி யாராவது பார்த்திருந்தால் கூடவே ஒரு குலவை போட்டிருப்பார்.

நாடு கடந்து வாழ்ந்த செலியா குரூஸ்?

ஹவானாவில் 1925-ல் பிறந்தார். 1960-ல் குழுவோடு கச்சேரிக்கு வெளியே போனவர், காஸ்ட்ரோ ஆட்சிக்குத் திரும்பவில்லை. 1962-ல் அம்மா இறந்தபோது உள்ளே வர அனுமதி மறுக்கப்பட்டது. 1990-ல் கியூபாவில் அமெரிக்கர் வசம் உள்ள குவாண்டனாமோ தளத்தில் பாடப் போனபோது ஒரு பிடி மண் எடுத்து வந்தார். 2003-ல் அவரைப் பிராங்க்ஸில் அடக்கம் செய்தபோது அந்த மண்ணும் கூடப் போனது. மேடையில் அவர் கத்தும் ‘அசூக்கார்!’ என்பதற்குச் சர்க்கரை என்று பொருள்.

எவிட்டா நடிகையா, அரசியல்வாதியா?

வானொலி நாடக நடிகை. பிறகு அர்ஜென்டினா ஜனாதிபதி ஹுவான் பெரோனின் மனைவி. தேர்தலில் நின்று எந்தப் பதவியையும் வகித்ததில்லை. 1947-ல் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததற்குப் பின்னால் அவருடைய பிரசாரம் இருந்தது, அவருக்கு முன்பே பத்தாண்டுக் கணக்கில் போராடிய பெண்ணியவாதிகளின் உழைப்பும் இருந்தது. இரண்டாவதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். 1951 தேர்தலில் பெண்கள் முதன்முறை வாக்களித்தபோது அவர் புற்றுநோயோடு படுக்கையில். வாக்குப்பெட்டி ஆஸ்பத்திரிக்கே வந்தது. அடுத்த ஆண்டு 33 வயதில் இறந்தார். பதப்படுத்திய உடலை 1955-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஒளித்துவைத்து, கடைசியில் மிலான் நகரக் கல்லறையில் வேறு பெயரில் புதைத்தது. உயிரில்லாத பெண்ணிடம் ஒரு ராணுவத்துக்கு அவ்வளவு பயம்.

லத்தீன் அமெரிக்காவில் இத்தனை பெண் ஜனாதிபதிகள் எப்படி?

நிகராகுவாவில் வயலெட்டா சமோரோ 1990, சிலியில் மிஷல் பாச்லெட் 2006, பிரேசிலில் டில்மா ரூசெஃப் 2011, மெக்சிக்கோவில் ஷைன்பாம் 2024 என்று வரிசை நீளம். தனிப்பட்ட துணிச்சலைத் தாண்டி ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. கட்சிப் பட்டியலில் வெல்லக்கூடிய இடங்களில் 30 சதவீதம் பெண்களுக்கு என்று அர்ஜென்டினா 1991-ல் சட்டமியற்றியது. மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. மெக்சிக்கோ 2014-ல் வேட்பாளர்களில் சரிபாதி என்று அரசியலமைப்பிலேயே எழுதியது. கீழ்ப்படியில் கூட்டம் சேர்ந்ததும் மேல்படிக்கு ஆள் கிடைத்தது.

‘அறிவார்ந்த லத்தீனா’ சர்ச்சை எதைப் பற்றியது?

2001-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேசிய சோட்டோமயோர், வாழ்ந்து பார்த்த அனுபவம் உள்ள ஒரு அறிவார்ந்த லத்தீனா, அந்த வாழ்க்கையை வாழாத வெள்ளை ஆணைவிடப் பெரும்பாலும் நல்ல முடிவுக்கு வருவாள் என்று நம்புவதாகச் சொன்னார். 2009 விசாரணையில் இதைக் கிளறி எடுத்தார்கள். அது எடுபடாமல் போன ஒரு சொல்நயம் என்று அவர் பின்வாங்கினார். எனக்கு அவர் பின்வாங்கியிருக்க வேண்டாம் என்று தோன்றும். ஆனால் வாக்குகளை எண்ண வேண்டியவர் நானில்லை. இதைவிட எரிச்சலூட்டியது வேறொன்று. ஒரு செனட்டர், வழக்கறிஞர்கள் பெயர் மறைத்து எழுதிய விமர்சனங்களை வாசித்து, உங்களுக்குக் கோபக் குணம் உண்டா என்று கேட்டார். பிராங்க்ஸ் குடியிருப்பில் ஏழு வயதில் சர்க்கரை நோய் கண்டு, ஒன்பது வயதில் அப்பாவை இழந்து, பிரின்ஸ்டனும் யேலும் படித்து, பதினேழு ஆண்டு நீதிபதியாக இருந்தவரின் எதிரே லூப்பே வேலெஸின் படவரிசை வந்து உட்கார்ந்தது. 68-க்கு 31 என்ற கணக்கில் வென்றார்.

‘முடியும்’ என்ற முழக்கம் ஒபாமாவுடையதா?

டொலோரஸ் ஹுவர்ட்டாவுடையது. நியூ மெக்சிக்கோவில் 1930-ல் பிறந்த இவர் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, கலிஃபோர்னியா பண்ணைத் தொழிலாளர்களுக்காக 1962-ல் சீசர் சாவேஸோடு சங்கம் தொடங்கியவர். 1972-ல் அரிசோனாவில், இந்த மாநிலத்தில் இதெல்லாம் முடியாது என்றவர்களிடம் ‘சீ, சே புவேதே’ என்றார்: ஆம், முடியும். அது சாவேஸ் சொன்னது என்று பல காலம் எழுதிவந்தார்கள். 2012-ல் பதக்கம் அணிவித்த ஒபாமா, முழக்கத்தைத் திருடியதை மேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

ஒகாசியோ-கோர்ட்டெஸின் நடனக் காணொளி?

கல்லூரி நாளில் மொட்டைமாடியில் தோழர்களோடு ஆடியது. 2019-ல் அவர் பதவியேற்ற வாரம், மானத்தை வாங்க என்று யாரோ வெளியிட்டார்கள். அவர் தன் அலுவலக வாசலில் ஆடி இன்னொரு காணொளி போட்டார்.

டெலிநாவெல்லா பார்க்க ஆசை. எதில் தொடங்கலாம்?

கொலம்பியாவில் 1999-ல் வந்த ‘யோ சோய் பெட்டி, லா ஃபெயா’. கண்ணாடியும் பல் கம்பியும் போட்ட பொருளாதாரப் பட்டதாரி, அழகை விற்கும் நிறுவனத்தில் செயலாளராகச் சேருகிறாள். கதை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தால் ஆச்சரியமில்லை: 2003-ல் இந்தியில் ஜஸ்ஸியாக ஓடியது இதுதான். 2006-ல் சல்மா ஹயெக் இதன் அமெரிக்கப் பதிப்பைத் தயாரித்தார். அதில் நடித்த அமெரிக்கா ஃபெரேரா எம்மி வென்றார். மூலத்தையே பாருங்கள். தலைப்பில் உள்ள ‘அழகற்றவள்’ என்ற சொல்லை அந்தப் பெண் எத்தனை தொனியில் தாங்குகிறாள் என்பது கொலம்பிய ஸ்பானிஷில்தான் கேட்கும். ஒரு எச்சரிக்கை: முன்னூறு அத்தியாயத்துக்கு மேல் போகும், விடுமுறை பார்த்துத் தொடங்கவும்.